ஆம், நான்தான்

கண்ணகி வந்து வாசலில் நின்றபோது இசைவாணி அரிவாள்மனையில் பலாக்கொட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். காலை ஏழரை இருக்கும். ஆடிக்காற்று ரோட்டுப் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணகியின் தலையில் ஒரு சாக்குமூட்டை, இடுப்பில் சில்வர் குடம். குடத்துக்குள் கரண்டி, தட்டு, கண்ணாடி உடைந்த ஒரு சாமி படம் எல்லாம் திணித்திருந்தாள். அவள் சேலையிலிருந்து ஊறின மரவள்ளிக்கிழங்கின் புளித்த வாடை அடித்தது. ஜவ்வரிசி மில்லில் வேலை செய்கிற பெண்களை அந்த வாடையை வைத்தே பஸ்ஸில் அடையாளம் சொல்லிவிடலாம்.

"இன்னா கண்ணகி, மூட்டையும் கையுமா? மில்லுக்குப் போவல?"

"எந்த மில்லுக்கு?" என்றாள் கண்ணகி. மூட்டையை இறக்கவில்லை.

"உள்ள வா. வந்து உக்காந்து சொல்லு."

"உக்கார்றதுக்கு வர்ல வக்கீலம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நான் ஒங்ககிட்ட சொல்லி நீங்க எழுதுனீங்களே ஒரு பேப்பரு, அத யாராண்ட குடுத்தீங்க?"

இசைவாணியின் கை நின்றது. "யாருக்கும் குடுக்கலயே. கேஸ் நடக்கிற எடத்துலகூட இன்னும் போடல."

"அப்ப மொதலாளி கைக்கு எப்பிடிப் போச்சி? நேத்து பொழுது சாய சொல்ல ஆபீசு ரூமுக்கு இட்டாரச் சொன்னாரு. போனா, கையில பேப்பர வெச்சிக்கினு படிக்கிறாரு. நான் சொன்னது அத்தனையும். சின்னப்பொண்ணு புருசன் பாவாடைய கயிறு இல்லாம தொட்டியில எறங்கச் சொன்னது மேஸ்திரி காசிநாதன்தான், என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொன்னேன் இல்ல, அது. வருகை நோட்ட போன்ல படம் புடிச்சி ஒங்களுக்கு அனுப்புனது. எல்லாம். பேச்சோட பேச்சா எங்கம்மா சத்தியமான்னு சொன்னேன் பாருங்க, அதயும் எழுதி இருந்தீங்களா நீங்க? அதக்கூட படிச்சாங்க. படிச்சிட்டு சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க வக்கீலம்மா."

மில்லுக்குள்ளேயே வரிசையாகக் கட்டிவிட்ட ஓட்டுக் கொட்டகைகளில் ஒன்றில்தான் பதினோரு வருஷமாகக் கண்ணகியின் குடித்தனம். விடிவதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். போனைப் பிடுங்கிக்கொண்டார்களாம். வருகை நோட்டைக் கொதிகலன் அடுப்பில் அவள் கண்முன்னாலேயே போட்டார்களாம்.

தமிழழகன் பின்கட்டிலிருந்து காபி டம்ளரோடு வந்தான். இசைவாணியின் கணவன். "வந்தவங்கள நிக்க வெச்சே பேசிக்கினு இருக்கியே" என்று மனைவியைக் கடிந்துகொண்டு, தானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். மூட்டையைத் தாங்கி இறக்கினான். தனக்கு ஆற்றி வைத்திருந்த காபியைக் கண்ணகியிடம் நீட்டினான். அவள் உட்காராமலே அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நேற்று மத்தியானத்துக்கப்புறம் அவள் வயிற்றுக்குள் போனது அதுதான்.

"ஒன்ன நம்பித்தான சொன்னேன்" என்று டம்ளரைத் தரையில் வைத்தாள். அதுவரைக்கும் வாய்க்கு வாய் 'நீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், 'ஒன்ன' என்றாள். மறுபடி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போகிறாள் என்பது சொல்லாமலே தெரிந்தது. அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

பாவாடை என்பவன் சின்னப்பொண்ணுவின் புருஷன். கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால் வரும் ஒரு சின்ன ஊர் அவர்களுக்கு. பங்குனிக் கடைசியில் அரவை முடிந்து, மில்லின் கழிவுத்தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் பண்ண இறங்கியவன் மேலே வரவில்லை. அடியில் புளித்துக் கிடந்த கிழங்குத் திப்பியின் விஷவாயு. முதலாளி தெய்வசிகாமணி போலீசிடம் சொன்னது வேறு. அந்த ஆளு எங்க மில்லுலயே வேலை செய்யல, குடிச்சிட்டு வேலி தாண்டி வந்து விழுந்துட்டான் என்றார். கருணாபுரத்தில் முந்தின வருஷம் அத்தனை பேர் சாராயத்தில் போன பிறகு, இந்தப் பக்கம் கூலிக்காரன் யார் செத்தாலும் குடித்துச் செத்தான் என்று சொல்வது சுலபமாகிவிட்டிருந்தது. கேட்பவர்களும் மேற்கொண்டு கேட்பதில்லை.

சின்னப்பொண்ணு இழப்பீட்டைப் பற்றி முதல் நாள் பேசவே இல்லை. "அந்த ஆளு குடிக்கவே மாட்டான் வக்கீலம்மா. நாக்குல பட்டா வாந்தி எடுப்பான். ஒம்போது வருசம் அந்த மில்லுல கெழங்கு வாரிப் போட்டான். வேலயே செய்யலன்றாங்க. செத்ததும் பொய்யி, இருந்ததும் பொய்யின்னா எப்பிடி?" என்றாள்.

இசைவாணி கேஸை எடுப்பதற்கு ஒரு தடை இருந்தது. மேஸ்திரி காசிநாதன், தமிழழகனின் அக்கா அம்சவள்ளியின் கணவர். நாத்தனார் வீட்டுக்காரர். அதை அவள் மறைக்கவில்லை. சின்னப்பொண்ணுவிடம் முதலிலேயே சொன்னாள். "வேற வக்கீல் வேணும்னா நானே இட்டுக்கினு போறேன்." சின்னப்பொண்ணு யோசித்தாள். "நீங்களும் நைனார்பாளையத்துல கூலிக்காரங்க வூட்ல பொறந்தவங்கதான. ஒங்களத் தெரியும். வேற யாரத் தெரியும் எங்களுக்கு?" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே இசைவாணி கணவனிடமும் கேட்டாள். "ஒங்க மாமா வேல செய்யற எடம். நாளைக்கி அவரு பேரும் வரலாம். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. எடுத்தப்பறம் சொன்னா நான் உடமாட்டேன்."

"ஒன் தொழிலு ஒன்னுது. நான் குறுக்க வரமாட்டேன் வாணி" என்றான் அவன், கீரை ஆய்ந்துகொண்டே.

அவன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டர் டைப்பிங்கும் வைத்திருந்தான். அவளுடைய முதல் வக்காலத்தை அடித்துக் கொடுத்தது அவன். கொரோனாவில் கோர்ட்டுகள் மூடிக் கிடந்தபோது, "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு, தெரிஞ்ச சட்டத்த சனங்களுக்குப் புரியற மாதிரி எழுதேன்" என்று வலைப்பூ தொடங்கிக் கொடுத்ததும் அவன்தான். 'கையெழுத்துக்கு முன்' என்று பெயர் வைத்தார்கள். பெருவிரலால் தமிழ் அடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தான். பட்டா மாற்ற எங்கே போவது, போலீஸ் கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும், வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் என்ன ஆகும் என்று அவள் எழுதினாள். திருநாவலூரிலிருந்தெல்லாம் போன் பண்ணி, "நெட்டுல எழுதற வக்கீலம்மாவா?" என்று கேட்பார்கள். மகள் எழில்மதி திருச்சியில் நர்சிங் படிக்கப் போன பிறகு, சாயங்காலங்களில் அவள் சொல்லச் சொல்ல அவன் எழுத்துப்பிழை பார்ப்பான். வக்கீல்களுக்கென்று அவள் எழுதிய ஒரு தொடர் சேலம், விழுப்புரம் வரைக்கும் போனது. கட்சிக்காரர் ரகசியம் இப்போது பீரோவில் இல்லை, உங்கள் போனில் இருக்கிறது என்று தொடங்கும் அது.

அப்படிப்பட்டவளிடமிருந்துதான் வாக்குமூலம் வெளியே போயிருந்தது.

அவள் முதலில் சந்தேகப்பட்டது சந்தியாவை. நான்கு வருஷமாகக் கூட இருக்கும் ஜூனியர். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தது அவள்தான். கண்ணகி வந்துபோன அன்று ஆபீசில் கதவைச் சாத்திவிட்டு இசைவாணி கேட்டாள்.

"யார்கிட்டயாவது காட்னியா? ஃப்ரெண்டு யாருக்காவது?"

"இன்னா மேடம் கேக்கறீங்க?"

"ஒம் போன குடு."

சந்தியா கொடுத்தாள். இசைவாணி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அம்மாவோடு பேசியது, தோழியோடு சண்டை போட்டது, பார்க்கக்கூடாத ஏதோ ஒரு பையனின் படம் வரைக்கும். ஒன்றுமில்லை. சந்தியா அழவில்லை. போனை வாங்கி முந்தானையில் துடைத்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வக்கீல் சங்கத்தில் இசைவாணி பேசுவதாக முன்பே முடிவாகியிருந்தது. இணையத்தில் வக்கீல்கள் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று தலைப்பு. வரமுடியாது என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் போனாள்.

நாற்பது பேர் இருந்தார்கள். வடையும் டீயும் வந்தன. பின்வரிசையில் இரண்டு பேர் கோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்க ஆயத்தமானார்கள். இவளுடைய போனைப் பெரிய திரையில் தெரியும்படி இணைத்தது வக்கீல் பகலவன். இவள் வயதுக்காரர். நில வழக்குகள் பார்ப்பவர். சத்தமில்லாத மனிதர்.

"கடவுச்சொல் மாத்தறது மட்டும் போதாதுங்க" என்றாள் இசைவாணி. "ஒங்க கணக்கு எந்தெந்தக் கம்ப்யூட்டர்ல தொறந்து கெடக்குதுன்னு மாசம் ஒருக்கா பாக்கணும். எங்க பாக்கறது? இதோ, எம் போன்லயே காட்டறேன். இங்க அமுக்கினா 'உங்கள் சாதனங்கள்'னு வரும். பாருங்க. இது இந்தப் போனு. இது எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரு. இது…"

மூன்றாவதாக ஒன்று இருந்தது. ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். கடைசியாகப் பயன்படுத்தியது இன்று காலை 9.20.

"இன்னா மேடம், போலீஸ் ஸ்டேஷன்லயே திருடனா?" என்று யாரோ சொல்ல, தூங்கப்போனவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "பாத்தீங்களா, இதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். விரல் தானாக அதைத் தொட்டது. விவரம் விரிந்தது. முதல்முறை உள்நுழைந்தது: பிப்ரவரி 19, காலை 10.42.

அந்தத் தேதியை அவள் மறக்க வழியில்லை. கர்ப்பப்பையில் கட்டி என்று துருகம் ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன். பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் தாலிச்சங்கிலி, தோடு, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து, போனையும் சேர்த்து ஒரு ஆளின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். 10.42க்கு அவள் உணர்வில்லாமல் கிடந்தாள்.

யாராவது அவள் கணக்கைப் புதிதாக ஒரு கம்ப்யூட்டரில் திறக்கப் பார்த்தால், அவள் போன்தான் கேட்கும். உள்நுழைய முயல்வது நீங்கள்தானா என்று கேட்கும். 'ஆம், நான்தான்' என்ற இடத்தில் ஒரு விரல் பட்டால்தான் திறக்கும். இதை அவளே வலைப்பூவில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள்.

"மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் பகலவன் மெதுவாக. யாரும் அந்த விவரத்தைக் கவனிப்பதற்கு முன்னால் திரையை அணைத்துவிட்டிருந்தார்.

ஜெராக்ஸ் கடைக்கும் சங்கத்துக்கும் ஒரு ரோடுதான் குறுக்கே. காற்றில் கறுப்புக் கோட்டு படபடக்க அவள் கடந்து போனாள். தமிழழகன் ஒரு கிழவருக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். கிழவர் போகும்வரை நின்றாள்.

"பிப்ரவரி பத்தொம்போது காலையில பத்தே முக்காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

'எதுக்குக் கேக்கற?' என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

"ஆஸ்பத்திரில" என்றான்.

"ஆஸ்பத்திரில இருந்தது நானு. நீங்க எங்க இருந்தீங்க?"

அவன் மெஷினின் மூடியைத் திறந்து மூடினான். "சந்தியா போன் பண்ணா. ஒரு வாய்தா மனு அன்னிக்கே அனுப்பணும், ஒன் மெயில்ல இருக்குதுன்னா. டாக்டரு ரெண்டு மணி நேரமாவும்னாரு. ஓடியாந்து இங்க தொறந்து அனுப்பிட்டு ஓடிட்டேன். அன்னிக்கி அவ்ளோதான் வாணி. சத்தியமா அவ்ளோதான்."

"மூடல."

"மறந்துட்டேன்."

"அப்பறம் எப்ப ஞாபகம் வந்திச்சி?"

வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"நீ சின்னப்பொண்ணு கேஸ எடுத்தப்பறம். மாமா பேரு வருதான்னு பாப்பமேன்னுதான். தெனம் பாக்கல. எப்பயாச்சும். மொதல்ல வரல. அப்பால கண்ணகி சொன்னதுல வந்திச்சி."

"ம்."

"அக்காவுக்கு ரெண்டும் பொண்ணு. சின்னதுக்கு ஆவணியில கல்யாணம். மாமாவ போலீஸ் இட்டுக்கினு போனா அந்தக் கல்யாணம் நடக்குமா? நீயே சொல்லு. மாமாவும் பாவம்தான், மொதலாளி சொல்லி அவரு சொன்னாரு."

"இத எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீ இன்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிதான் கேக்கல."

"அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன். மாமாவ சூதானமா இருக்கச் சொல்லுன்னு. அவரு நேரா மொதலாளிகிட்ட போயி நிப்பாருன்னு நான் நெனக்கல வாணி."

"வாயால சொன்னீங்களா, பிரிண்ட் எடுத்துக் குடுத்தீங்களா?"

ஜெராக்ஸ் மெஷின் சூடாறாமல் உறுமிக்கொண்டிருந்தது. அவன் அதை அணைத்தான். "அக்கா நம்பல" என்றான். "நம்ம வாணி அப்பிடிலாம் எழுத மாட்டான்னு சொல்லிச்சி. அதுக்குத்தான் ஒரு பிரிண்ட்…"

இசைவாணி பெஞ்சில் உட்கார்ந்தாள். நாத்தனார் தன்னை நம்பியதே தனக்கு எதிராகத் திரும்பியதை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

"கண்ணகி மூட்டையோட வந்தாளே. அன்னிக்கி நீங்கதான அவளுக்குக் காபி குடுத்தீங்க?"

அவன் முகம் அப்போதுதான் உடைந்தது. "மனசு கேக்கல" என்றான்.

"நான் சந்தியா போன வாங்கிப் பாத்தேன். ஒங்ககிட்ட வந்து சொன்னேன். வேற யாரா இருக்கும்னு ஒங்ககிட்டதான் கேட்டேன். நீங்க இன்னா சொன்னீங்க? இந்தக் காலத்துப் புள்ளைங்கள நம்ப முடியாதுன்னு சொன்னீங்க. இல்ல?"

அவன் மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினான். "நோட்டு போட்டோ எல்லாம் அப்பிடியே இருக்குது. அத நான் தொடல. அழிச்சிருந்தா யாருன்னு ஒனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றான். அழிக்காமல் விட்டதற்கு அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்து, கடைக் கம்ப்யூட்டரில் தன் கணக்கை மூடினாள். கடவுச்சொல்லை மாற்றினாள். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாற்றும்போது முதல்முறையாக விசைப்பலகையைக் கையால் மறைத்துக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே அவனை அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னாள். இரண்டு சட்டையும் மாத்திரை டப்பாவும் எடுத்துக்கொண்டு போனான். இட்லிக்கு அரைத்த மாவு வாளியில் பொங்கி வழிந்து கிடந்தது. அரைத்து வைத்தது அவன். அவள் அதைத் துடைத்துவிட்டு, மூன்று நாள் அதிலேயே தோசை ஊற்றிச் சாப்பிட்டாள். மகளிடம் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். சொல்லும்போது, இந்த வீட்டில் பொய் எவ்வளவு சாதாரணமாக வாயில் வருகிறது என்று பட்டது. மறுபடி கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். எழில்மதி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்பா சாப்டாரா?" என்று கேட்டாள்.

மூன்று நாளும் இசைவாணி சட்டத்தைப் புரட்டினாள். கடையில் அவன் தன் வாயால் சொன்னது ஒன்றையும் சின்னப்பொண்ணு கேஸில் அவளால் சாட்சியாகச் சொல்ல முடியாது. கணவனும் மனைவியும் தமக்குள் பேசிக்கொண்டதைச் சட்டம் மூடி வைத்திருக்கிறது. எத்தனையோ பெண்களுக்கு இதை அவளே விளக்கியிருக்கிறாள். ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் பதிந்த தேதியும் நேரமும் யாரும் யாரிடமும் பேசியது அல்ல. பிப்ரவரி 19, காலை 10.42. அதை அவள் சொல்லலாம். சொன்னால் கண்ணகியின் வாக்குமூலம் திருடப்பட்டது என்று நிற்கும். நோட்டை ஏன் எரித்தார்கள் என்ற கேள்வி எழும். சொல்பவள் சாட்சி ஆகிவிடுவாள். சாட்சி அந்தக் கேஸில் வக்கீலாக இருக்க முடியாது.

திங்கட்கிழமை காலை சைபர் குற்றப் பிரிவில் புகார் எழுதிக் கொடுத்தாள். சந்தேகப்படும் நபரின் பெயரை எழுதினாள். புகார்தாரருக்கு உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினாள். வாங்கிப் பார்த்த பெண் போலீஸ், "கொஞ்சம் உக்காந்து யோசிக்கிறீங்களா மேடம்?" என்றாள். "யோசிச்சிட்டேன்மா" என்றாள்.

அங்கிருந்து பஸ் ஏறினாள். கச்சிராயப்பாளையம் தாண்டியதும் மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. மேலே வெள்ளிமலைப் பக்கம் மழை போல. கீழே தூறல்கூட இல்லை. சின்னப்பொண்ணுவும் கண்ணகியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் ஒரு கொல்லையில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகளிலிருந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எப்போது போனாலும் முதலில் ஒரு பிடி மல்லாட்டையை மடியில் போட்டுவிட்டுத்தான் சின்னப்பொண்ணு பேச்சைத் தொடங்குவாள். அன்றைக்குச் செடியை உதறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

இசைவாணி செம்மண்ணில் அவர்கள் எதிரே குந்தினாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஆபரேஷன், போன், ஜெராக்ஸ் கடை, நாத்தனார். மற்றப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சின்னப்பொண்ணுவின் கை மட்டும் நிற்கவில்லை.

"எழுதுனத எதுக்கு வூட்ல வெச்ச?" என்றாள்.

"வூட்ல வெக்கல சின்னப்பொண்ணு. அது ஒரு பொட்டி மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. எம் போனு சரின்னு சொன்னாத்தான் தொறக்கும்."

"போனு யாராண்ட இருந்திச்சி?"

"அவராண்ட."

"அப்ப வூட்லதான வெச்ச."

அத்தனை வருஷம் அத்தனை பக்கம் இசைவாணி எழுதியதில் இந்த ஒரு வரி இல்லை.

"எம் மேல தப்புதான்" என்றாள்.

"தப்புன்னு சொல்லிக்கினு இவ்ளோ தூரம் வந்துட்ட. செரி. எவன் வந்து சொல்றான் இந்த ஊர்ல?" சின்னப்பொண்ணு காயை முறத்தில் போட்டாள். "எம் புருசன் குடிக்கலன்னு மொத மொதல்ல எழுத்துல எழுதுனவ நீ. அதுக்கு ஒன்ன கையெடுத்துக் கும்புட்டேன். அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவளப் பாரு. பதினோரு வருசம் பொழச்ச எடம். எனக்கோசரம் வாயத் தொறந்தா. இப்ப எங்கூட்டு ஒத்த ரூம்ல கால நீட்டப் படுக்க எடமில்லாம சுருண்டுக்கினு கெடக்கறா. இவளுக்கு நீ இன்னா பதில் சொல்லுவ?"

கண்ணகி தலையைத் தூக்கவில்லை. "நான் திரும்பவும் சொல்லுவேன்" என்றாள் செடியைப் பார்த்துக்கொண்டே. "போனுதான புடுங்குனாங்க. கண்ணப் புடுங்கலையே. ஆனா ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன் வக்கீலம்மா. கோச்சிக்காதீங்க."

"வேணாம்" என்றாள் இசைவாணி. "எங்கிட்ட சொல்ல வேணாம். வேற ஒருத்தருகிட்ட இட்டுக்கினு போறேன். நாளைக்கே."

மறுநாள் பதினோரு மணிக்குப் பகலவனின் ஆபீசில் எல்லாரும் இருந்தார்கள். சந்தியா அங்கேதான் சேர்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் வக்காலத்து அடித்துக்கொண்டிருந்தவளின் மேஜை ஓரமாக இசைவாணி போய் நின்றாள்.

"சந்தியா, நான் செஞ்சது மன்னிக்கற மாதிரி இல்ல. ஆனா கேக்கறேன்."

"பரவால்ல மேடம்" என்றாள் சந்தியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுடைய போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு கனமான சட்டப் புத்தகம் இருந்தது.

வருகை நோட்டின் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு இசைவாணி பகலவன் கையில் கொடுத்தாள். ஒன்பது பக்கம். ஒவ்வொன்றிலும் பாவாடை என்ற பெயருக்கு நேரே நீல மையில் ஒரு கோடு. அடியில் காசிநாதனின் கையெழுத்து. பகலவன் அதைப் பார்த்துவிட்டு, "இது போதும் நிக்கறதுக்கு. ஒங்க சாட்சியும் இருக்குது" என்றார். மாற்று வக்கீலுக்கு ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் இசைவாணி கையெழுத்துப் போட்டாள். காலையிலிருந்து அம்சவள்ளி பதினாலு தடவை போன் பண்ணியிருந்தாள். தமிழழகன் ஒரு தடவைகூடப் பண்ணவில்லை.

பகலவன் வக்காலத்தைச் சின்னப்பொண்ணு பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது."

"கேளும்மா."

"ஒங்க வூட்ல யார் யாரு இருக்காங்க?"

பகலவன் சிரிக்கப் பார்த்தார். கண்ணகியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தியாவின் தட்டச்சு நின்றிருந்தது.

"அவங்கள்ல ஒங்க போனு யார் கைக்கெல்லாம் போவும்? மில்லுப் பக்கம் ஒறவுக்காரங்க உண்டா?"

பகலவன் இசைவாணியைப் பார்த்தார். அவள் சுவரோரமாக, கட்சிக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். பிறகு அம்மாவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெயராகச் சொன்னார்.